இரண்டு அங்குலம்

"தண்ணி உள்ள வருதே, தண்டலம்மா."

தேவசகாயம் அன்றைக்கு இதை ஐந்தாவது தடவையாகச் சொன்னார்.

பாய்மரப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. சாய்ந்த பக்கத்து மூலையில், தரையில் இருந்த துளை வழியாகக் கடல் கொப்பளித்து ஏறியது. அவருடைய ஷூ முனையைத் தொட்டது. இறங்கியது. மறுபடி ஏறியது.

பிலோமி குனிந்து தன் செருப்பைக் கழற்றினாள். பக்கத்துப் பலகைமேல் வைத்தாள். இரண்டு காலையும் அந்தத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"நான் கேட்டதுக்கு இதுவா பதில்?"

"சுக்கானப் பாருங்க, சார். படகு இலங்கைக்குப் போவுது."

தேவசகாயம் சுக்கான் பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நாலு நாளாக அப்படித்தான் பிடிக்கிறார். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, மறுபடி வந்திருந்தது.

*

அவருக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தாறு வருஷம் ஊர் ஊராகக் குடிநீர்க் குழாய் போட்டவர். ரோட்டில் மண்டியிட்டு, இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். அவர் அடைத்த இடம் மறுபடி கசிந்ததில்லை.

பிலோமிக்கு நாற்பத்தொன்று. அவள் அப்பா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். தோணியின் தலைமையாளைத் தண்டல் என்பார்கள். அவர் போன பிறகு துறைமுகத்துக்காரர்கள் அந்தப் பட்டத்தை மகளுக்குச் சூட்டினார்கள். முதலில் கேலிக்கு. கொஞ்ச நாளில் அதுவே பெயராகிவிட்டது. பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் பிழைப்பு.

படகு, தேவசகாயத்தின் மகன் கட்டியது.

இருபத்து நாலு அடி. ஒரு பாய்மரம், இரண்டு பாய். நடுவில் தாழ்ந்த கூரையோடு ஓர் அறை. இரண்டு பேர் படுக்கலாம். ஒருவரும் நிமிர்ந்து நிற்க முடியாது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தான் சாயாமல் ஊஞ்சல்போலத் தொங்கும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. பின்னால், உட்கார்ந்து ஓட்டுவதற்கு முழங்காலுக்கு மேல் ஆழமாக ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தைத் தேவசகாயம் தொட்டி என்றார். அவருக்கு வாயில் வேறு சொல் வரவில்லை.

நாலு வருஷம், பிலோமியின் கொட்டகையில் வைத்துக் கட்டினான். அப்பாவை ஒருநாளும் பார்க்கக் கூப்பிட்டதில்லை. முடித்த பிறகு கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான்.

கடல் அவனை ஒன்றும் செய்யவில்லை. மதுரை ரோட்டில் ஒரு லாரி.

அதற்கப்புறம் தேவசகாயம் அவன் பெயரைச் சொன்னதில்லை. படம் பீரோவுக்குள் போயிற்று. யாராவது பேச்சை எடுத்தால், மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்துவிட்டதா பார்க்க எழுந்து போய்விடுவார்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. இந்தத் தவக்காலத்தில் ஒருநாள் அவர் மனைவி மரியபுஷ்பம், மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இந்த வருஷ நினைவுக்கு நான் கல்லறைக்கு வரல. அந்தப் படகுல போவப் போறேன்."

"யாரு ஓட்ட?"

"நீங்கதான்."

"எனக்கு நீச்சலே தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்."

"தண்டலம்மாகிட்டச் சொல்லுதேன். அவ கூட்டிட்டுப் போவா."

"அவ ஓட்டுனா நான் ஏற மாட்டேன். இன்னாசி கட்டுனது. அவங்க அப்பா ஓட்டணும். இல்லேன்னா அது அங்கயே கெடக்கட்டும்."

அவர் எழுந்தார்.

"தண்ணி நெறையல, உக்காருங்க" என்றாள் புஷ்பம். "போன வருஷம் அந்த நாள்ல நீங்க எங்க போனீங்க?"

கோவில்பட்டிக்குப் போயிருந்தார். ஒரு பம்ப் பார்க்க.

*

நினைவு நாள் சனிக்கிழமை வந்தது. அதை விட்டால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிவிடும், படகைக் கரையில் ஏற்றிவிடுவார்கள்.

"வெள்ளிக்கிழமை நீங்க ஒத்தையா ஓட்டிட்டுப் போயி, தீவுக்கு அந்தப் பக்கம் இருக்க மிதவையச் சுத்திட்டு வரணும்" என்று பிலோமி பாடம் தொடங்கிய முதல் நாளே சொல்லிவிட்டாள். "வந்தா, சனிக்கிழமை அக்காவ ஏத்தலாம். இல்லேன்னா, கயித்த அவுக்க நான் விடமாட்டேன்."

திங்கட்கிழமை அவர் கேட்டார்: "இப்பிடிச் சாயுதே, கவுந்துராதா?"

பிலோமி அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். மூலையில் ஒரு ஈயக் கட்டி கிடந்தது. தூக்கச் சொன்னாள். இரண்டு கையாலும் தூக்கி, மூச்சு வாங்கி, கீழே வைத்தார்.

"இது மிச்சம். இது மாதிரி அறுவது உருக்கி, படகுக்கு அடியில ஊத்தியிருக்கு."

"யாரு ஊத்துனது?"

"நீங்க சொல்லுங்க, யாருன்னு."

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

செவ்வாய்க்கிழமை, அறைக்குள் நுழைகிற வாசலைப் பற்றிக் கேட்டார். வாசலுக்குக் கீழே தொடை உயரத்துக்குப் பலகைத் தடுப்பு. "ஒவ்வொரு தடவையும் காலத் தூக்கித் தாண்ட வேண்டியிருக்கு. முட்டி வலிக்கி. எதுக்கு இது?"

"தாண்டுங்க" என்றாள்.

புதன்கிழமை, கூரையில் தலை இடித்துக்கொண்டார். "ஒரு அடி உசத்திக் கட்டியிருக்கலாம். நிமிர முடியலையே."

"கடல்ல யாரு சார் நிமிர்ந்து நிக்கா?"

இரவில் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் புஷ்பம் அந்தத் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறாள், தண்ணீர் அவள் காலில் ஏறுகிறது. கணுக்கால். முழங்கால். அவள் அவரையே பார்க்கிறாள்.

வியாழக்கிழமைதான் அந்தத் துளைகளைப் பற்றி ஐந்து தடவை கேட்டு, செருப்புக் கழற்றியதைப் பதிலாக வாங்கிக்கொண்டு வந்தார்.

வரும் வழியெல்லாம் யோசித்தார். தரையின் பின்மூலைகளில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துளை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய், நேரே கடலுக்கு. மழை பெய்தால் வடிவதற்கு வைத்திருப்பான். சித்திரையில் மழை ஏது? மழைக்கு வைத்த வழியில் கடல் ஏறுகிறது. நாளை மறுநாள் புஷ்பத்தின் காலிலும் ஏறும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பெட்டியைத் திறந்தார். வேப்பங்கட்டையில் இரண்டு அடைப்பான் செதுக்கினார். ஒரு முனை குறுகல், மறு முனை பருமன். சணலை வெள்ளைப் பெயிண்டில் தோய்த்து, இழை பிசகாமல் சுற்றினார். நாலு நாளில் அப்போதுதான் அவர் கைக்குத் தெரிந்த வேலை கிடைத்தது.

"என்னது அது?" என்றாள் புஷ்பம்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு இவ்வளவு சணலா?"

*

வெள்ளிக்கிழமை, பிலோமி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விட்டார். துளைக்கு ஒன்றாக வைத்து, சுத்தியலால் நாலு நாலு அடி. தரையோடு தரையாக இறங்கின. விரலால் தடவிப் பார்த்தார். குழாய்க்காரனின் வேலை. குறை சொல்ல முடியாது.

பிலோமி வந்தாள். படகில் கால் வைத்தாள். ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு தடுப்பைத் தாண்டி அறைக்குள் போய், படுக்கைப் பலகையில் சாய்ந்துகொண்டாள்.

"ஒத்தையாப் போகணும்னு சொன்னீங்களே?"

"ஒத்தையாத்தான் போறீங்க. நான் இன்னைக்குச் சாமான். சாமான் பேசாது."

புறப்பட்டார்கள். கடல்காற்று கிழக்கிலிருந்து வந்தது. அதை எதிர்த்து, வலமும் இடமுமாக வளைந்து வளைந்து போகவேண்டியிருந்தது. படகு சாய்ந்தது. அவர் மூலையைப் பார்த்தார். காய்ந்திருந்தது. மறுபக்கம் சாய்ந்தது. மறு மூலையும் காய்ந்திருந்தது. ஷூவில் ஒரு துளி ஈரமில்லை.

மிதவையைச் சுற்றும்போது அவர் கிட்டத்தட்டச் சிரித்துவிட்டார்.

"சாமான் முழிச்சிருக்கா?" என்று உள்ளே கேட்டார்.



திரும்பும்போது காற்று முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. கரை தெரிந்தது. கரை தெரிந்ததும் பயமும் வந்தது, இவ்வளவு தூரம் வந்து கடைசியில் ஏதாவது ஆகிவிடுமோ என்று. மேற்கே மேகம் ஒன்று கறுப்பாக நிற்பதுபோல இருந்தது. சீக்கிரம் போய்விட வேண்டும். தீவை ஒட்டி ஒரு மணல்திட்டு உண்டு. அதை விட்டு விலகித்தான் வரவேண்டும் என்று பிலோமி புதன்கிழமையே சொல்லியிருந்தாள். விலகினால் இன்னும் அரை மணி நேரம் ஆகும்.

அவர் திட்டின் விளிம்போடு வந்தார்.

அடியில் மணல் மேடேறும் இடத்தில் அலை எழுந்து நிற்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது, யாரோ நீளமாக மூச்சு இழுப்பதுபோல. பிறகு முதுகில் ஒரு சுவர் இடிந்து விழுந்தது.

கண்ணைத் திறந்தபோது தொட்டி நிறைந்திருந்தது.

திட்டு பின்னால் போய்விட்டது. ஆழமான தண்ணீருக்கு வந்துவிட்டார்கள். ஆனால் படகின் பின்பாகம் தாழ்ந்து, களைத்த மாடுபோல உட்கார்ந்துவிட்டது. அடுத்த அலை அவ்வளவு உயரம் இல்லை. இருந்தும், தாழ்ந்த பின்பக்கத்தின்மேல் சாவகாசமாக ஏறி, இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போயிற்று.

அறை வாசலில், தொடை உயரத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பிலோமி நின்றாள். அவள் நின்ற இடம் காய்ந்திருந்தது.

"இறைக்கணும். ஏதாவது குடுங்க" என்றார் தேவசகாயம்.

அவள் ஒரு டீ டம்ளரை நீட்டினாள்.

அவர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இறைத்தார். பத்து டம்ளர். இருபது. தன்னையறியாமல் மனம் கணக்குப் போட்டது. ஆறு அடி நீளம், மூன்றரை அடி அகலம், இரண்டு அடி ஆழம். ஆயிரத்து இருநூறு லிட்டர். டம்ளர் கால் லிட்டர். நாலாயிரத்து எண்ணூறு டம்ளர். நிமிஷத்துக்கு இருபது என்றால் நாலு மணி நேரம்.

மூன்றாவது அலை வந்தது.

அவர் டம்ளரைக் கீழே விட்டார். அது மிதந்து ஒரு சுற்று சுற்றி, மூழ்கியது.

"நீங்க பார்த்தீங்களா?" என்றார்.

"காலையிலயே பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"சாமான் பேசாதுல்லா."

"தண்டலம்மா, அத எடுக்கணும். ரெண்டு கையும் வேணும். இதை யாரு பிடிக்க? வாங்க, வந்து பிடிங்க."

"யாரும் பிடிக்க வேண்டாம்."

"விட்டா?"

"விட்டுப் பாருங்க."

அவர் கொப்புளம் உடைந்த கையைப் பார்த்தார். விரல்கள் பிரிய மாட்டேன் என்றன. ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

படகு ஒருமுறை உலுக்கிக்கொண்டது. பிறகு, யாரும் சொல்லாமல், தானாகவே திரும்பியது. மெதுவாக, முழுவதுமாக, தன் முகத்தைக் காற்றுக்கு நேரே கொண்டுவந்து வைத்தது. பாய்கள் படபடத்தன. வேகம் நின்றது. வருகிற அலைகளை முன்புறத்தால் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு, அங்கேயே நின்றது.

"இதை எனக்குச் சொல்லவே இல்லையே."

"அஞ்சு நாளா நீங்க கைய எடுக்கவே இல்ல, சார்."

தேவசகாயம் தொட்டிக்குள் மண்டியிட்டார். கன்னம் தண்ணீரில் பட, தோள்வரை கையை விட்டு மூலையைத் தடவினார். அடைப்பான் அசையவில்லை. வேப்பங்கட்டை தண்ணீர் குடித்து ஊதியிருந்தது. நகத்தால் நெம்பினார். நகம் உடைந்தது. அவர் அடைத்த இடம் அடைத்ததுதான்.

"பலகைக்கு அடியில உளி இருக்கு" என்றாள் பிலோமி.

உட்காரும் பலகையின் மூடியைத் திறந்தார். இத்தனை நாளும் அதைத் திறந்ததில்லை. உள்ளே தோல் உறையில் ஓர் உளி. பிடியில், சூட்டுக்கோலால் இழுத்த ஒரு எழுத்து. 'இ'.

அவர் அதை எடுத்தார். எடுத்த இடத்துக்குப் பின்னால், மரத்தில், பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. துளையிலிருந்து வெளியே போகும் குழாய்க்கு அம்புக்குறி போட்டு, வேலை செய்கிறவர்கள் தமக்குத் தாமே எழுதிக்கொள்வதுபோல, சாய்ந்த எழுத்தில்:

'ரெண்டு அங்குலம். அப்பா ஒண்ணரை போதும்பார். கேக்காதே.'

அவர் படித்தார். மறுபடி படித்தார். ஒண்ணரை போதும் என்றுதான் அவர் சொல்லியிருப்பார்.

ஓர் அலை வந்து படகைத் தூக்கி இறக்கியது.

"சார்" என்றாள் பிலோமி.

அவர் மறுபடி மண்டியிட்டார். உளியைக் கட்டையின் நடுவில் வைத்து, சுத்தியலைக் கரையிலேயே விட்டுவந்ததால் உள்ளங்கையால் அடித்தார். கொப்புளத்தின் மேலேயே அடித்தார். நாலாவது அடியில் கட்டை பிளந்தது. பாதியைப் பிடுங்கினார். மீதி தானாகவே போயிற்று.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீரின் மேல்பரப்பில் ஒரு சின்னக் குழி விழுந்தது. சுழன்றது. ஆழமாயிற்று. இளநீரை உறிஞ்சி முடிக்கிற பிள்ளைபோல ஒரு சத்தம்.

தண்ணீர் போகப் போகப் படகு எழுந்தது. படகு எழ எழ, தண்ணீர் இன்னும் வேகமாகப் போயிற்று.

முழங்கால். கணுக்கால். அவர் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே, ஒரு காதை அந்தச் சத்தத்தின் பக்கம் சாய்த்து, ரோட்டில் குழாய்க்குக் காது கொடுத்ததுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின.

பிலோமி அறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

பிறகு டீயோடு வந்தாள். தடுப்பின்மேல் டம்ளரை வைத்தாள்.

"அந்தப் பக்கத்துக் கட்டை?"

"அதையும் எடுத்துட்டேன்" என்றார்.

டீ குடித்து முடித்துவிட்டு, அவர் சுக்கானைப் பிடித்தார். இரண்டு விரலால்.

*

சனிக்கிழமை புஷ்பம் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பொட்டலம் மக்ரூன், மகனுக்குப் பிடித்தது. பிலோமி படகின் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுக் கரையிலேயே நின்றுகொண்டாள்.

துறைமுகச் சுவரைத் தாண்டியதும் காற்று கிடைத்தது. படகு சாய்ந்தது. புஷ்பம் பலகையைப் பிடித்துக்கொண்டாள். மூலையில் துளை கொப்பளித்தது. தண்ணீர் ஏறி வந்து அவள் விரல்களைத் தொட்டது.

அவள் காலைத் தூக்கிக்கொண்டாள்.

"ஏங்க. தண்ணி உள்ள வருதே."

தேவசகாயம் சுக்கானை விட்டுவிட்டார். படகு மெல்லத் திரும்பிக் காற்றைப் பார்த்து நின்றது. அவர் குனிந்து ஷூவின் கயிறுகளை அவிழ்த்தார். ஒன்று. இன்னொன்று. இரண்டையும் பலகைமேல் ஜோடியாக வைத்தார். கால்களைத் தண்ணீரில் வைத்தார்.

"இன்னாசி வச்சது" என்றார். "ரெண்டு அங்குலம்."